ஐந்தில் இரண்டு முட்டை

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணி,

முப்பது படிவங்களும் நேற்று வந்து சேர்ந்தன. ஒரு மூலைகூட மடங்கவில்லை. எங்கள் மேலாளர் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, நம் அலுவலகத்தில் இவ்வளவு சுத்தமாக எழுத ஒருத்தர்கூட இல்லையே என்றார். அது என் அண்ணன் மனைவி என்று நான் சொல்லவில்லை. ஊரில் படிவம் நிரப்ப ஓர் ஆள் வேண்டும் என்றபோது உங்களைக் கைகாட்டியது நான்தான் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்க மாட்டீர்கள். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அண்ணன் சட்டைப்பையில். உங்களோடு பேசினால் கூடத்தில் இருக்கிற எல்லோரோடும் பேசின மாதிரி. அவள் வேண்டாம் என்றதை மீறி நான் நகரத்துக்கு வேலைக்கு வந்ததிலிருந்து, அம்மாவோடு பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. படிவ உறைக்குள் வைத்தால் உங்களைத் தவிர யாரும் பிரிக்க மாட்டார்கள்.

மேலாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நேற்று முழுவதும் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை கரண்டி என்று இங்கே நகரத்தில் முந்நூறு பெண்களிடம் கேட்டிருக்கிறோம். அங்கே உங்களைப் போன்றவர்களை வைத்துக் கேட்டிருக்கிறோம். உங்கள் படிவங்களைப் பார்த்தால் நகரத்துப் பெண்களைவிட நம் ஊர்ப் பெண்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். அறிக்கை இப்படியே மாதக் கடைசியில் போனால், ஊர் மையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தருகிற மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு இங்கே தொழிற்சாலைப் பக்கத்துக்கு மாற்றிவிடுவார்கள். உங்களுக்கு ஐந்தாவது மாதம். தினமும் அந்தச் சாப்பாட்டுக்குப் போகிறவர்களில் நீங்களும் ஒருத்தி.

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. முதல் படிவம் உங்களுடையது. அதில் முட்டை என்ற இடத்தில் "ஐந்தில் இரண்டு" என்று இருக்கிறது. ஒருவர் அரை முட்டை சாப்பிடலாம், கால் முட்டை சாப்பிடலாம். ஐந்தில் இரண்டு முட்டையை எப்படி அறுப்பது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு புரிந்தது. அன்று மையம் விடுமுறை; வீட்டில் வெந்தது இரண்டு முட்டை, தம்பியையும் சேர்த்து ஐந்து பேர். மற்ற இருபத்தொன்பதையும் எடுத்து, படிவத்தில் இருக்கிற வீட்டுச் சமையல் அளவை ஆட்களால் வகுத்துப் பார்த்தேன். பதினோராவது வீட்டில் பதினாலு கரண்டி சோறு, ஏழு பேர். அந்த வீட்டுப் பெண் சாப்பிட்டது சரியாக இரண்டு கரண்டி. எல்லா வீட்டிலும் இதே கதை.

அண்ணி, நீங்கள் யாரையும் கேட்கவில்லையா?

அணில்

*

பிப்ரவரி 8

அணிலுக்கு,

கேட்கவில்லையா என்று கேட்டிருக்கிறாய். முப்பது வீட்டு வாசலிலும் உன் அலுவலகம் தந்த அளவுக் கரண்டியோடு நின்றவள் நான். நாய் துரத்தாத வீடு நாலோ ஐந்தோதான் இருக்கும்.

என்ன பதில் வந்தது தெரியுமா? எதிர்வீட்டுத் தையல்காரியிடம் நேற்று எத்தனை கரண்டி சாப்பிட்டாய் என்றேன். "பானையில மிச்சம் இருந்ததை" என்றாள். எவ்வளவு மிச்சம் இருந்தது என்றேன். "அதைப் பானையைக் கேளு, நான் அப்படியே வழிச்சுப் போட்டுக்கிட்டேன்" என்றாள். இங்கே எவளும் தட்டு வைத்துக்கொண்டு சாப்பிடுவதில்லை. பரிமாறும்போது ஒரு வாய், பாத்திரம் ஒழிக்கும்போது ஒரு வாய், அடுப்படியில் நின்றபடி உள்ளங்கையில் கொஞ்சம். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? உன் படிவத்தில் "தெரியாது" என்று ஒரு கட்டம் இல்லை. வெற்றிடம் விட்டால் படிவம் செல்லாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது.

அதனால் எல்லோருக்கும் தெரிந்ததைக் கேட்டேன். எவ்வளவு பொங்கினாய் என்று கேட்டால் எந்தப் பெண்ணும் யோசிக்காமல் சொல்வாள். அதைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் வகுத்தல் என்றால் அதுதான். ஒரு வீட்டில் சோறு பங்காவதும் அப்படித்தானே இருக்க வேண்டும்? இருக்கிறதா இல்லையா என்று நீ என்னைக் கேட்கிறாய். அந்த வீட்டில் இருபத்திரண்டு வருடம் சாப்பிட்டவள் நீ. உனக்குச் சோறு போட்ட கை என்றைக்காவது தன் வாய்க்குப் போனதைப் பார்த்திருக்கிறாயா? யோசித்துச் சொல்.

இன்னொன்று. என் படிவத்தை நிரப்பும்போது அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மருமகள் எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று மாமியார் எதிரில் எழுதுவது எனக்கும் கஷ்டம், அவருக்கும் கஷ்டம். பங்கு போட்டு எழுதினேன். இருவருக்கும் மானம் மிஞ்சியது.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. படியேறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

அண்ணி

*

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்தபின் இரண்டு நாள் எந்த வேலையும் ஓடவில்லை. அம்மா சாப்பிடுகிற காட்சி ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அம்மா கரண்டியோடு நிற்கிறாள். அம்மா தட்டு கழுவுகிறாள். என்னைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, எலும்பா இருக்கே என்கிறாள். முழங்கைவரை அரிசி நீர் வழிய நிற்கிறாள். சாப்பிடுகிற அம்மா மட்டும் வரவில்லை. புத்தகத்தில் மூழ்கியபடி சாப்பிடுகிற பெண்ணாக இருந்தேன் என்பது ஒரு சாக்குத்தான். எனக்கு அணில் என்று பெயர் வைத்ததே கொறிப்பதால்தான். கொறித்தது யாருடைய பங்கிலிருந்து என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

நீங்கள் சொன்னது சரி, கணக்கும் சரி. பதில் மட்டும் தவறு. அந்தத் தவறு எங்கள் படிவத்தில் இருந்து தொடங்குகிறது. எல்லாப் பெண்களும் தட்டில் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுவார்கள் என்று நினைத்து யாரோ ஒருவர் அதை எழுதியிருக்கிறார்.

ஓர் உதவி. ஒரே ஒரு வாரம், வாயில் போடுவதை எல்லாம் முதலில் ஒரு தட்டில் போட்டு, கரண்டியால் அளந்து, பிறகு சாப்பிடுங்கள். நின்றபடி ஒரு வாய் என்றாலும் தட்டில் போட்டுத்தான். உங்களுக்கு மட்டும். மற்ற வீடுகளைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்றை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஊர் மையத்து நர்ஸ் அக்கா மாதாமாதம் அனுப்பும் ரத்தப் பரிசோதனைப் பட்டியல் எங்களுக்கும் வரும். அதில் பெயர் இருக்காது, படிவ எண்தான். எண் ஒன்றுக்கு நேரே ஹீமோகுளோபின் 7.6 என்று இருக்கிறது. பதினொன்று இருக்க வேண்டிய இடம். எண் ஒன்று யார் என்று எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் தெரியும்.

அண்ணனிடம் சொன்னீர்களா?

அணில்

*

பிப்ரவரி 17

அணிலுக்கு,

சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உன் அண்ணன் நல்லவர். சந்தையிலிருந்து ஒரு கிலோ பேரீச்சம்பழம் வாங்கிவந்து எல்லோர் எதிரிலும் என் கையில் கொடுப்பார். மறுநாள் அது கூடத்து மேசையில் இருக்கும். மூன்றாம் நாள் கொட்டைதான் இருக்கும். அவருக்குத் தின்னக் கொடுக்கத் தெரியும். தின்றேனா என்று பார்க்க வேண்டும் என்பது தெரியாது.

ஏழுக்குக் கீழே போனால் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுவேன் என்று நர்ஸ் அக்கா மிரட்டியிருக்கிறார். மாத்திரை தருகிறார், வயிற்றைப் புரட்டுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குகிறேன். இதையும் உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

தட்டு விஷயம். முதல் நாள் எல்லோரும் சாப்பிட்டபின் நானும் ஒரு தட்டை எடுத்துவைத்தேன். அத்தை பார்த்தார். "மையத்துலதான் மத்தியானம் சாப்பிட்டியே, மறுபடியுமா?" என்றார். கோபமாக அல்ல, மழை வருமா என்று கேட்கிற மாதிரி. அப்போதுதான் எனக்கே உறைத்தது. மையத்துச் சாப்பாடு வந்த நாளிலிருந்து வீட்டில் என் பங்குக்குச் சோறு வைப்பதே நின்றுபோயிருக்கிறது. உலையில் அரிசி போடுகிறவள் நான். நானே ஒரு பிடி குறைத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. கை தானாகக் குறைத்திருக்கிறது.

எழுதிக்கொள். திங்கள்: காலையில் டீ, ஆறிய சோறு ஒரு கரண்டி. மத்தியானம் மையத்தில் சோறு இரண்டு, பருப்பு ஒன்று, முட்டை ஒன்று. மாலையில் ஒன்றுமில்லை. ராத்திரி அடிப்பிடித்த சோறு முக்கால் கரண்டி, பருப்புத் தண்ணீர். செவ்வாய்: அதே, ஆனால் ராத்திரி அரைக் கரண்டி. புதன்: மையம் விடுமுறை. அன்றைக்கு முழுநாளும் சேர்த்து ஒன்றேமுக்கால் கரண்டி சோறும் கொஞ்சம் கீரையும். தட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் இவ்வளவு கொஞ்சமா என்று இருந்தது. பானையில் இருந்து வழிக்கும்போது நிறைய சாப்பிட்ட மாதிரியே இருக்கும்.

இனி உன் முறை. நீயும் ஒரு வாரம் எழுது. தட்டில் போட்டு, கரண்டியால் அளந்து. ஊரார் வயிற்றை எண்ணுகிறவள் தன் வயிற்றையும் எண்ணட்டும். பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

அண்ணி

*

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணி,

பொய் எழுதினால் தெரிந்துவிடும் என்றீர்கள். ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். இந்த வேலையில் சேர்ந்தபோது பயிற்சிக்காக எங்களையே ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் காய்கறியோடு சோறு, ராத்திரி பழமும் பாலும் என்று எழுதினேன். மேலாளர் அதை எல்லோருக்கும் மாதிரியாகக் காட்டினார். நீங்கள் வகுத்தீர்கள், நான் கற்பனை செய்தேன். நம் இரண்டு பேரில் யோக்கியமாக எழுதியது நீங்கள்தான்.

நிஜம் இது. அறையில் அடுப்பு இல்லை, தட்டும் இல்லை. ஒரு தட்டை வாங்கிவந்த பிறகுதான் எழுதவே முடிந்தது. முதல் நாள்: டீ நாலு, பிஸ்கட் ஏழு, கடையில் வாங்கிய பன் ஒன்று, பாக்கெட்டில் வறுத்தது ஒரு கைப்பிடி. பன்னைத் தட்டில் வைத்து அலுவலக மேசையில் சாப்பிட்டேன், பக்கத்து இருக்கைக்காரி, "என்னடி, விருந்தா?" என்று சிரித்தாள். மறுநாள்: டீ மூன்று, காலையில் ஒன்றுமில்லை, மத்தியானம் அலுவலகக் கூட்டத்தில் கொடுத்த பொட்டலம், ராத்திரி ஒன்றுமில்லை. ஏன் ராத்திரி ஒன்றுமில்லை என்றால், கண்ணாடியில் இடுப்பு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களை யாரோ கடைசியில் வைத்தார்கள். என்னை நானே வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன்.

போன மாதம் அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அந்தக் காகிதத்தை மேசைக்குள் போட்டு வைத்திருந்தேன், நேற்றுத்தான் பிரித்தேன். 9.3. எடை மட்டும் ஐந்து கிலோ கூடியிருக்கிறது. எங்கள் நகரத்துப் படிவங்களை எடுத்து மறுபடி பார்த்தேன். முந்நூறில் பாதிக்குமேல் என்னைப் போலத்தான். எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து கூட்டுத்தொகை பெரிதாக வருகிறது. கீரை, பருப்பு, முட்டை என்று தனித்தனியே பார்த்தால் கட்டம் கட்டமாக வெறுமை. தொழிற்சாலைக்காரப் பெண் ஒருத்தி, கழிப்பறைக்கு விடமாட்டார்கள் என்று வேலை முடியும்வரை தண்ணீரே குடிப்பதில்லையாம். ஊர் நன்றாகச் சாப்பிடுகிறதா நகரம் நன்றாகச் சாப்பிடுகிறதா என்று நாங்கள் கேட்ட கேள்வியே எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

மேலாளரிடம் போய், ஊர்ப் படிவங்கள் தவறு என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். எண் ஒன்று என் அண்ணி என்று சொல்லிவிட்டேன். கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "உறவை மறைச்சது தனிக் கணக்கு, அப்புறம் பேசிக்கலாம். இருபத்தெட்டுக்குள்ள சரியான படிவம் வரணும். வரலைன்னா பழசுதான் போகும்" என்றார்.

அண்ணி, முப்பது வீட்டுக்கும் இன்னொருமுறை போக முடியுமா? சாப்பாட்டு நேரத்தில், அவர்கள் தட்டில் போட்ட பிறகு? இப்படிக் கேட்பது எனக்கே பிடிக்கவில்லை. 7.6 என்று தெரிந்த பிறகும் உங்களை வெயிலில் நடக்கச் சொல்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

அணில்

*

பிப்ரவரி 26

அணிலுக்கு,

இருபத்திரண்டு படிவம் இந்த உறையில் இருக்கிறது. மிச்சம் எட்டு இல்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் கரண்டியோடு போய் நின்றால் யார் வரவேற்பார்கள்? "எங்க வாயில எத்தனை பல்லுன்னும் எண்ணிட்டுப் போறியா?" என்றாள் தையல்காரி. ஒருத்தி, நாங்கள் பட்டினி கிடக்கிறோம் என்று எழுதிவிட்டு எங்கள் வீட்டு ஆண்களின் மானத்தை வாங்கப் போகிறாயா என்று கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு ஜன்னல் வழியாகத் தட்டைக் காட்டினாள். பால்காரி வீட்டில் இரண்டு மாடு நிற்கிறது. படிவத்தில் பால்: இல்லை. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். தட்டில் போட்டு அளந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தை எந்தக் கட்டத்திலும் என்னால் எழுத முடியவில்லை.

இருபத்திரண்டாவது வீடு தையல்காரியுடையது. அளந்து முடித்துத் தண்ணீர் கேட்டது நினைவிருக்கிறது. அடுத்து நினைவு வரும்போது என் தலை அவள் மிஷினுக்குக் கீழே துணிக்குவியலில் இருந்தது. அவள்தான் தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்து, கூடத்தில் எல்லோரும் இருக்கும்போதே போட்டு உடைத்துவிட்டாள். நர்ஸ் அக்கா வந்தார். 6.8. எண்ணைச் சத்தமாகச் சொன்னார்.

உன் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் ஏன் கேட்கவில்லை என்றேன். இவ்வளவு வருடத்தில் அவரை நான் திருப்பிக் கேட்டது அதுதான் முதல்முறை.

அத்தை அடுப்படிக்குள் போய்விட்டார். மறுநாள் மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தக் காகிதம் இன்னொன்னு இருக்கா? என்னை எழுது" என்றார். எடுத்தேன். அவரே சொன்னார். காலையில் டீ. மத்தியானம் முக்கால் கரண்டி சோறு. ராத்திரி, பல நாள் ஒன்றுமில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். "நீ கல்யாணமாகி வந்ததிலிருந்து. நீ சின்னப் பொண்ணு, பசிக்குமேன்னு கொஞ்சம் விட்டு வைப்பேன்" என்றார்.

அணில், இந்த வீட்டில் கடைசியில் சாப்பிடுகிறவள் நான் என்றே நினைத்திருந்தேன். அவருக்குப் போதும் போலிருக்கிறது, அதனால்தான் மிச்சம் வைக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு மிச்சம் இருந்ததே அவர் சாப்பிடாததுதான். ஒரே அடுப்படியில் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி குறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். முப்பத்தொன்றாவது படிவம் அவருடையது. அதையும் வைத்திருக்கிறேன்.

நகரத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட வேண்டுமாம், ஒருநாள் விட்டு ஒருநாள், பத்து நாள். வியாழக்கிழமை வருகிறேன். உன் அறையில்தான் தங்க வேண்டும். உன் அண்ணன் கூட வருகிறேன் என்றார். அத்தை அவரைத் தடுத்துவிட்டார். "இவ சாப்பிடுறாளான்னு நான் பார்க்கணும். நான் போறேன்" என்றார். வீட்டில் யார் சமைப்பது என்று மாமா கேட்டார். அத்தை பையில் புடவையை மடித்து வைத்துக்கொண்டே, "அடுப்பு இங்கதானே இருக்கு" என்றார்.

அவர் உன்னோடு பேசுவாரா என்று எனக்குத் தெரியாது. உன் கடிதங்களைக் காட்டவில்லை. ஆனால் நீ எழுதின இரண்டு நாள் சாப்பாட்டுக் கணக்கை மட்டும் படித்துக் காட்டினேன். திட்டாதே.

அண்ணி

*

பிப்ரவரி 28

அன்புள்ள அண்ணி,

இது தபாலில் போனால் நீங்கள் கிளம்பிய பிறகுதான் வரும். அதனால் எங்கள் அலுவலக வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை மையத்தில் கொடுப்பார்.

இருபத்திரண்டும் முப்பத்தொன்றாவதும் இன்று காலை மேலாளர் மேசைக்குப் போயின. என் அம்மாவின் படிவத்தை அவர் இரண்டுமுறை படித்தார். பழைய முப்பதும் அறிக்கையில் போகாது. இருபத்திரண்டு போதாது என்பதால் புதியதும் போகாது. நம் ஊருக்கு நேரே "மறு கணக்கெடுப்பு" என்று எழுதியிருக்கிறார். அதுவரை மத்தியானச் சாப்பாடு நிற்காது. எவ்வளவு நாள் என்று கேட்டேன். தெரியாது என்றார். உறவை மறைத்ததற்கு எனக்கு ஒரு கடிதம் வரப்போகிறது. வேலை இருக்குமா என்று அதைப் பார்த்தால்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய கவலை வியாழக்கிழமை. அறை எட்டடிக்குப் பத்தடி. கட்டில் ஒன்று. விடுதிக் காப்பாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி மின்னடுப்பு ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். நேற்று அதில் சோறு வடித்துப் பார்த்தேன், குழைந்து கூழாகிவிட்டது. சாப்பிட்டேன். எழுதவும் எழுதினேன்: இரண்டரைக் கரண்டி. கீரை வாங்கப் போய் எது எந்தக் கீரை என்று தெரியாமல் நின்றேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்; எந்தப் படியில் கைப்பிடி இல்லை என்று நடந்து பார்த்து வைத்திருக்கிறேன்.

அம்மா என் கணக்கைக் கேட்டுவிட்டு என்ன சொன்னாள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டதிலிருந்தே கொஞ்சம் புரிகிறது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எலும்பா இருக்கே என்பாளா, ஊதிப்போய்ட்டே என்பாளா? இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. இரண்டும் சரியான பதில் இல்லை.

ராத்திரி மூன்று பேரும் ஒரே தரையில் உட்கார்ந்தால் யார் பரிமாறுவது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நீங்கள் எனக்குப் போட்டுவிட்டு நிற்பீர்கள். அம்மா உங்களுக்குப் போட்டுவிட்டு நிற்பாள். நான் வயிறு சரியில்லை என்பேன். மூன்று பேருக்கும் இதில் நல்ல பழக்கம். சோறு நடுவில் ஆறிக்கொண்டிருக்கும்.

அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். யாருக்காகவும் காத்திராமல் நான் முதலில் சாப்பிட ஆரம்பித்துவிடுவேன், வாய் நிறைய. உங்கள் இரண்டு பேருக்கும் கோபம் வரும். திட்டுங்கள், ஆனால் நின்றுகொண்டு திட்டாதீர்கள்.

அணில்